கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்

எங்கள் வீட்டு அலுமாரியில், கலியாணச் சாறிக்கும் காணி உறுதிக்கும் நடுவில், ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பது, கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி அனுப்பிய போன். எங்கள் குடும்பத்தில் எவரும் அந்த விலையில் ஒரு போனைக் கையில் வைத்திருந்ததில்லை. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. பழுது என்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனாலும் அலுமாரியைத் திறந்தால் அந்தப் பெட்டியைப் பாராமல்தான் மற்றச் சாமானை எடுப்பேன்.

என் கணவரின் குரல் இரண்டு தடவை போனது. முதல் தடவை கொண்டுபோனது நோய். இரண்டாம் தடவை கொண்டுபோனவள் நான். கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் உடனே தம்பியை ஏசுகிறார்கள், இல்லையென்றால் போன் செய்த கம்பனிக்காரனை ஏசுகிறார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏச வேண்டியவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன், அதுவும் முன்னால்.

என் கணவருக்குத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வலைக்கடையில் வேலை. வலை, கயிறு, மிதவை, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல் எல்லாம் அங்கே விற்பார்கள். முதலாளி காசுப் பெட்டிக்கு முன்னால் இருப்பார். மேசையடியில் நின்று ஆட்களோடு மாரடிப்பது இவர்தான். பக்கத்துக் கரையோர ஊர்களான சல்லியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் மீன்பிடிக்கிறவர்கள் வருவார்கள், மூதூர்க்காரர்களும் வருவார்கள். அந்தக் கடையில் ஒரு சுருள் கயிறு வாங்குவதென்றால் பாதிச் சண்டை, பாதிப் பகிடி. சல்லியில் இருந்து வரும் ஒருவர் ஒவ்வொரு முறையும் இல்லாத குறையெல்லாம் சொல்லிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். இவர், “நீங்க கயிறு வாங்க வந்தீங்களா, கயிறு இழுக்க வந்தீங்களா?” என்று கேட்பார். அந்த மனிதருக்கு அதைக் கேட்டால்தான் வந்த திருப்தி.

அவருடைய குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு மூச்சிழுப்பு. நாலு வரி சேர்ந்தாற்போல் வாசித்தால் இருமல் வந்துவிடும். அதனால் எங்கள் பகுதியில் யார் மௌத்தானாலும் அந்த மரணத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பது என் கணவர்தான். அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தகப்பனும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஒரு உறவு மாறாது, ஒரு பெயர் சறுக்காது. குசினியில் நிற்கும் பெண்கள் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்பார்கள்.

என்னை மட்டும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து “இஞ்ச புள்ள” தான். ஒருநாள் நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். “ஊரில இருக்கிற எல்லாப் பொம்புளைகள்ட பேரும் உங்கட வாயில வருது. என்ட பேர் மட்டும் வராதா?”

“உன்ட பேர நான் அந்த மைக்கில சொல்ல வாணாம் புள்ள. சும்மா இரு,” என்றார். முகத்தில் பகிடி இல்லை. நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நோன்பு மாதம் முழுக்க அவருக்குத் தொண்டை அடைத்துக் கிடந்தது. ஐஸ் தண்ணீர்தான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பெருநாள் கழிந்தும் அடைப்பு இளகவில்லை. இங்குள்ள டொக்டர் பார்த்துவிட்டுக் கொழும்புப் பக்கம் அனுப்பினார். அங்கே பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு ஒரு டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திவைத்து, குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார். கதைக்க ஏலாமல் போகுமா என்று நான் கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், ஆள் உயிரோடு இருப்பார் என்றார். ஒப்பரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி விறாந்தையில்தான் நிலாவெளியைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவளுடைய தகப்பனுக்கும் இதே ஒப்பரேஷன் நடந்திருந்தது. அவருக்கும் வாயால் ஒன்றும் வராது. ஆனால் கையில் இருந்த போனைத் தட்டினார், போன் அவருடைய குரலிலேயே “பிள்ளை, வெயில்ல நிக்காத” என்றது. 

அது ஒரு செயலி. திரையில் வெறும் கட்டங்கள். ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் அது அந்தக் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு தொட்டால் சொல்லும். கட்டத்தின் மேல் படமும் போடலாம், எழுத்தும் போடலாம்.

“அக்கா, இது போனுக்குள்ள இருக்கிற கடையில கிடையாது,” என்றாள் அந்தப் பெண். “ஆரோ செய்து சும்மா குடுத்திருக்கிறாங்க. எப்படிச் செய்தது எண்டதையும் ஒளிக்காமப் போட்டிருக்கிறாங்க. ஆரும் எடுக்கலாம், மாத்தலாம். இன்னொரு ஆள் அதைத் தமிழாக்கி வச்சிருக்கு.”

“பிறகு ஏன் கடையில போடல்ல?”

“கடையில வைக்கிறதுக்கு வருசா வருசம் காசு கட்டோணுமாம். சும்மா குடுக்கிற மனிசன் எங்க போறது?”

அவள் தன்னுடைய போனில் இருந்து அந்தக் கோப்பை என் கணவரின் போனுக்கு அனுப்பினாள். அது மலிவான போன். கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கோப்பைத் திறந்ததும் போன் மிரட்டியது. இது தெரியாத இடத்தில் இருந்து வந்திருக்கிறது, உங்களுக்குத் தீங்கு செய்யலாம் என்று எழுத்துக் காட்டியது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். தெரியாத இடம் என்றால் எங்களுக்கு நிலாவெளிதான், வீட்டில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். சம்மதம் என்று அமத்தினேன்.

ஊருக்குத் திரும்பி, மிச்சம் இருந்த நாட்களில் குரலைப் பதிந்தோம். நான் கணிதம் படிப்பிக்கிறவள். எதையும் நிரல் போட்டுத்தான் செய்வேன். கொப்பி ஒன்றில் தேவையான வசனங்களை எழுதி, முதல் பக்கம் வீட்டுக்கு, இரண்டாம் பக்கம் ஆஸ்பத்திரிக்கு, மூன்றாம் பக்கம் கடைக்கு என்று பிரித்தேன். ஓம். ஏலா. தண்ணி வேணும். நோகுது. நோகல்ல. எத்தனை யார் கயிறு வேணும்? அந்தச் சரக்கு நாளைக்கு வரும்.

“நான் என்ன பள்ளிக்கூடப் புள்ளையா, நீ எழுதித் தாறத வாசிச்சிட்டு இருக்க?” என்றார். குரல் அப்போதே கரகரத்து, பாதி காற்றாகத்தான் வந்தது. “இதில ஏச்சு ஒண்டும் இல்லையே. நான் ஏசுறத ஆர் ஏசுற?”

“அவசரத்துக்குத் தேவையானத முதல்ல சொல்லுங்க மச்சான்.”

“ஏச்சும் அவசரத்துக்குத் தேவைதான்.”

நான் கோபப்பட்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் அதிகம் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு உண்டியலில் இருந்து எடுக்கும் சில்லறைபோல் இருந்தது. பகிடிக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன நேரங்களில் அவர் தன் விருப்பத்துக்குப் பதிந்திருக்கிறார். நான்காம் பக்கம் முழுக்க ஏச்சு. கயிறு இழுக்கிற கதையும் அதில்தான் இருந்தது. கடைசியாக ஐந்தாம் பக்கம். அதில் ஒரே ஒரு கட்டம். அதற்குப் படமும் இல்லை, எழுத்தும் இல்லை.

“இது என்ன?” என்று கேட்டுத் தொடப்போனேன். உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டார்.

“பிறகு,” என்றார்.

எனக்கென்று ஒதுக்கிவைத்த விசேஷ ஏச்சாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பரேஷன் முடிந்தது. ஆள் உயிரோடு வந்தார். கழுத்தில் ஒரு துவாரம். அதன் மேல் எப்போதும் ஒரு சிறிய துணி. நாலு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, போனை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்துக்கொண்டு கடைக்குப் போனார். முதல் வாரம் ஆட்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று தடுமாறினார்கள். சல்லிக்காரர்தான் அதை முறித்தார். வழக்கம்போல் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றாராம். இவர் நான்காம் பக்கத்தைத் திறந்து தட்டினாராம். “நீங்க கயிறு வாங்க வந்தீங்களா, கயிறு இழுக்க வந்தீங்களா?” கடை முழுக்கச் சிரித்ததாம். அன்று வீட்டுக்கு வந்தவர் முதல் தடவையாக இரண்டு பீங்கான் சோறு சாப்பிட்டார். நான் குசினிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படி ஒன்றரை வருடம் ஓடியது. மௌத்து அறிவிப்பு மட்டும் திரும்பவும் மோதினாரிடம் போய்விட்டது. இறப்பவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்து பதிந்துவைக்க முடியாதே. மோதினார் இருமி இருமி வாசிப்பார். இவர் கதிரையில் இருந்தபடி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குத் தலையால் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டிருப்பார்.

போனின் பற்றறி கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கத் தொடங்கியது. பின்னேரம் ஆவதற்குள் இரண்டு தரம் சார்ஜ் போட வேண்டும். இதை நான்தான் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.  மூன்று மாதம் கழித்து, லீவில் வந்த கூட்டாளியிடம் அந்த வெள்ளைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினான். மச்சானுடைய வாய் அது, மலிவாக இருக்கக் கூடாது என்று குரல் பதிந்து அனுப்பியிருந்தான்.

பெட்டி வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவரின் தங்கையும் அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் மூதூரில் இருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் போன் இரண்டு கிழமைக்கு முன் வள்ளத்தில் இருந்து கடலில் விழுந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் போன் எதுவும் அலுமாரியில் ஓய்வெடுப்பதில்லை. ஒரு கைக்குப் புதியது வந்தால், பழையது அன்றைக்கே அடுத்த கைக்கு இறங்கும். இல்லாவிட்டால் கொடுக்க மனமில்லாதவர்கள் என்ற பெயர் வரும். பழைய போன் அவருக்கு என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. பற்றறி மாற்றிப் பாவித்துக்கொள்வதாகச் சொன்னார். நாலு மணி பஸ்ஸுக்கு அவர்கள் போக வேண்டும்.

அந்தப் பழைய போனில் என் படங்கள் இருந்தன. வீட்டுக்குள் எடுத்தவை. தலையில் துணி இல்லாமல், எண்ணெய் வைத்த முடியோடு, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நிற்கும் படங்கள். எல்லாம் என் கணவர் எனக்குத் தெரியாமல் எடுத்தவை. தங்கையின் மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்நிய ஆண். ஒரு படம்கூடத் தவறி அவர் கண்ணில் படக் கூடாது. ஒவ்வொன்றாக அழித்தால் எங்கேயாவது ஒளிந்திருந்து திரும்பி வரும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். ஆகவே முழுதாகத் துடைத்துக் கொடுப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

நான் கவனமாகத்தான் செய்தேன். அதுதான் எனக்கு ஆறாத பகுதி. இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் இருந்தவை புதியதற்குப் போயின. படங்களின் எண்ணிக்கையை இரண்டிலும் பார்த்தேன், சரி. நம்பர்களைப் பார்த்தேன், சரி. மற்றச் செயலிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. முடிந்தது என்று புதிய போன் பச்சைச் சரி போட்டது. பரீட்சைத் தாளில் சரி போட்டுப் பழகிய கை, சரி என்றால் நம்பிவிடுகிறது. முன் அறையில் விருந்தாளிகளோடு இருந்த கணவருக்கு அதைத் தூக்கிக் காட்டினேன். அவரும் பெருவிரலை உயர்த்தினார். கட்டாரில் இருந்து தம்பி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் போய்ப் பழைய போனைத் துடைத்தேன். எல்லாம் அழியும், நிச்சயமா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஓம் என்றேன்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு என் கணவர் புதிய போனை எடுத்துத் தேடினார். பக்கம் பக்கமாகத் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்து, இடது உள்ளங்கையில் வலது விரலால் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறிக் காட்டினார்.

“வரும், வரும். இன்னும் இறங்கிட்டிருக்கு,” என்றேன்.

அடுத்த நாள் காலையிலும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெரிய வீதியில் போன் திருத்துகிறவரிடம் போனேன். அவர் போனைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் அழகைத்தான் பார்த்தார். பிறகு நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

“டீச்சர், இந்தப் போன்ல அவங்கட கடையில இருக்கிற அப் மட்டும்தான் போடலாம். வெளியால இருந்து ஒண்டும் ஏறாது.”

“நான் சம்மதம் எண்டு அமத்துறன். பழைய போன்ல அப்படித்தான் செஞ்சது.”

“இது கேக்கவே கேக்காது. கேட்டாத்தானே நீங்க சம்மதம் சொல்லலாம்?”

“காசு குடுத்து வாங்கின சாமான்தானே? எங்கட போன்தானே?”

“போன் உங்கடதான். அதுக்குள்ள எது போகலாம், எது போகக் கூடாது எண்டது அவங்கட விருப்பம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “கடையில கதைக்கிற அப் வேற இருக்கு டீச்சர். மாசா மாசம் டொலர்ல கட்டோணும். கார்ட் இருக்கா? தமிழ் இருக்கும், ஆனா அது வேற ஆள்ர குரல்.”

அப்போதும் நான் பயப்படவில்லை. பழைய போன் மூதூரில் இருக்கிறது, கோப்பு நிலாவெளியில் இருக்கிறது, குரல்கள் படங்களோடு சேர்ந்து எங்கேயாவது வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கே மூதூருக்குப் பஸ் ஏறினேன். பாலங்கள் எல்லாம் தாண்டும் வரை ஒரே கணக்குத்தான், கொடுத்த போனை என்ன சாட்டுச் சொல்லித் திருப்பி வாங்குவது என்று. சாட்டே தேவைப்படவில்லை. விஷயம் தெரிந்ததும் தங்கையின் மாப்பிள்ளை போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் தந்துவிட்டு வாசல் வரை வந்தார். “நான் ஒண்டும் தொடல்ல மதினி,” என்றார். அதை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

நிலாவெளிப் பெண்ணுக்கு அழைத்தேன். தகப்பன் மௌத்தாகி நாலு மாதம் என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே கோப்பைக் கேட்டேன். அனுப்பினாள். போன் இந்தத் தடவை முன்பைவிடக் கடுமையாக நின்றது. இதைச் செய்தவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது, போட வேண்டாம் என்றது. நான் மூன்று நாலு இடத்தில் சம்மதம் சொல்லி அதை உள்ளே ஏற்றினேன். செயலி திறந்தது. கட்டங்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். சத்தமில்லை. இன்னொன்றைத் தொட்டேன். எல்லாம் புதுக் கட்டங்கள், வெறும் கட்டங்கள். என் கணவர் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தம்பி அழைத்தான். அவனுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. “ராத்தா, உலகத்திலேயே பாதுகாப்பான போன் அது,” என்றான்.

“ஓம் தம்பி. ஒருத்தரும் உள்ள வர ஏலா. உன்ட மச்சானும் வர ஏலா,” என்றேன்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சொல்லை நான் இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. எடுக்க வேண்டும்.

செயலியைச் செய்தவருக்கு நான் எழுதினேன். கடிதம் போட முகவரி இருந்தது, அதுவே பெரிய காரியம். வெள்ளைப் பெட்டிக்காரர்களுக்கு எழுத எனக்கு முகவரியே கிடைக்கவில்லை. எட்டு நாளில் பதில் வந்தது. எந்த நாட்டு ஆள் என்று தெரியாது. பாதுகாப்புக்காகக் குரல்களைச் செயலி தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும், போனைத் துடைத்தால் சேர்ந்து அழிந்துவிடும், பிரதி எடுக்க உள்ளே ஒரு வழி இருந்தது, அதை யாரும் காணும் இடத்தில் தான் வைக்கவில்லை என்று எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டிருந்தார். அடுத்த பதிப்பில், ஒவ்வொரு கிழமையும் நினைவூட்டும் ஒரு வசனம் சேர்க்கப்போவதாகவும், அதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்தேன். “உங்கள் குரலை வேறோர் இடத்திலும் சேமித்துவிட்டீர்களா?” இப்போது அந்தச் செயலியைத் தமிழில் பாவிக்கும் எல்லோருக்கும் அந்த வசனம் வருகிறது. எனக்கும் கிழமை தவறாமல் வருகிறது.

எனக்கு இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. பூட்டிய போன் என் கணவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது, யார் என்றுகூடக் கேட்கவில்லை. திறந்த போன் யாரையும் உள்ளே விட்டது, ஆனால் நான் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளியபோது கையைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இளம் ஆசிரியர்கள் எந்தப் போன் நல்லது என்று தர்க்கம் பண்ணும்போது நான் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறேன்.

பழைய போனுக்குப் பற்றறி மாற்றினோம். கட்டங்களுக்கு யாருடைய குரலைப் போடுவது? வேறு ஆண் குரல் வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். நானே பதிந்தேன். எத்தனை யார் கயிறு வேணும்? அந்தச் சரக்கு நாளைக்கு வரும். இரண்டு நாள் கடைக்குக் கொண்டுபோனார். வலைக்கடை மேசையில் இருந்து ஒரு டீச்சரின் குரல் வந்தால் ஆட்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. முன்பு சிரித்ததுபோலத்தான் சிரித்தார்கள். ஆனால் முன்பு அவர் சிரிக்க வைத்தார். மூன்றாம் நாள் ஸ்பீக்கரை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

எழுதிக் காட்டிப் பார்த்தார். வரிசையில் நிற்கும் ஆட்களுக்கு அதற்குப் பொறுமை இல்லை. முதலாளி நல்லவிதமாகத்தான் சொன்னார். இப்போது அவர் கடையின் பின்பக்கம், சாமான் அறையில், தூண்டில்களை அளவு பார்த்துப் பிரித்துப் பெட்டிகளில் போடுகிறார். சல்லிக்காரர் வந்தால் பின்பக்கம் எட்டிப் பார்ப்பாராம். ஒருநாள் சந்தையடியில் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். என் கணவரை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் சொல்வார். “டீச்சர், நானா ஏசாம நான் வாங்கின கயிறு ஒண்டும் எனக்குச் சரிவரல்ல,” என்றார். சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஒரு மௌத்து அறிவிப்பு வந்தது. எங்கள் தெருவின் முடிவில் இருந்த ஒரு பெரியவர். மோதினார் இருமலுக்குள் மருமகனை மகன் ஆக்கிவிட்டார். கதிரையில் இருந்த என் கணவர் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். வாய் திறந்து மூடியது. கழுத்துத் துணி காற்றில் படபடத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இத்தனை மாதமும் கேட்கப் பயந்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

“மச்சான், அந்தக் கடைசிப் பக்கத்தில என்ன இருந்த?”

 அவர் சட்டைப் பையில் இருந்து கடையின் பில் புத்தகத்துத் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் திருப்பி, தொடையில் வைத்து எழுதத் தொடங்கினார். மெதுவாகத்தான் எழுதினார். எங்கும் வெட்டவில்லை, யோசிக்கவில்லை. எழுதி முடித்துத் தந்தார்.

மரண அறிவித்தல். முதலில் அவருடைய பெயர், முழுப் பெயர். காலமானார் என்று இருந்தது. அன்னார் இன்னாரின் மகனும் என்று அவருடைய வாப்பாவின் பெயர். அடுத்து, அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும் என்று இருந்தது. அங்கே என் பெயர், ஓர் எழுத்துக் குறையாமல். கடைசியில், ஜனாஸா நல்லடக்கம் என்பதற்குப் பிறகு நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அதன் கீழே சின்ன எழுத்தில், “மோதினாரிட்ட சொல்லி வச்சிருந்தேன். போனை மைக்குக்குக் கிட்டப் புடிச்சாப் போதும் எண்டு. நேரத்த மட்டும் அவர் சொல்லுவார்.”

ஒப்பரேஷனில் என்ன ஆகுமோ என்று, தன்னுடைய அறிவிப்பைத் தானே வாசித்து வைத்திருக்கிறார். என் பெயரை அவர் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் நான் குசினியில் நின்று கேட்பதற்காக. அந்தக் கட்டம் கிட்டத்தட்ட இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக் கிடந்தது. நான் அதை ஒரு ஏச்சு என்று நினைத்துத் தொடாமல் விட்டேன்.

தாளை மடித்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தேன். பத்திரமான இடம் என்று வேறொன்றும் தோன்றவில்லை. வெள்ளைப் பெட்டிக்குள், அந்தப் போனின் மேல் வைத்து மூடினேன். என்றாவது ஒருநாள் மோதினார் இருமிக்கொண்டே அதை வாசிப்பார்.